கத்தரிப்பூ நிறம் எங்கே போனது?

2009ஆம் ஆண்டு நம் தமிழ்ப் பேரவையின் கலை இரவில் புகைப்படப் பொறுப்பு என்னுடையது. அப்பொழுது நான் இயற்பியல் துறையில் மூன்றாம் ஆண்டு மாணவன். டியூஷன் வகுப்பு நடத்திச் சேர்த்த பணத்தில், அந்த நிகழ்ச்சிக்கென்றே 200 மில்லிமீட்டர் வரை நீளும் பழைய லென்ஸ் ஒன்றை வாங்கியிருந்தேன். அதன் உடலில் 'அபோ' என்று பளிச்சென்று பொறித்திருந்தது. கடைக்காரர் அந்தப் பெயரைத் தொட்டுக் காட்டித்தான் விலை சொன்னார். நானும் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அன்றிரவு முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் பரதம் ஆடினார். அவர் உடுத்தியிருந்தது வாடகை ஆடை அன்று. தம் தாயாரின் நிச்சயதார்த்தப் பட்டுச் சேலையை வெட்டித் தைத்த ஆடை. நல்ல கத்தரிப்பூ நிறம், வெள்ளிச் சரிகைக் கரை. ஒரு தாய் அத்தனை ஆண்டு பெட்டியில் வைத்திருந்த சேலையில் கத்தரி வைக்கச் சம்மதித்தார் என்றால், அதற்குப் பிறகு அந்தச் சேலைக்கு மிஞ்சும் அடையாளம் அந்த ஆடையும் நான் எடுக்கும் படங்களும்தான். அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

விடுதி அறைக்குத் திரும்பிப் படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், சலங்கை, சரிகை என்று விளக்கொளியில் மின்னிய இடமெல்லாம் ஓரத்தில் ஊதாக் கோடு. மறுநாள் காலைக்குள் படங்களை இதழாசிரியரிடம் கொடுத்தாக வேண்டும். மென்பொருளைத் திறந்து, ஊதா நிறத்தின் செறிவை ஒரே இழுப்பில் குறைத்தேன். கோடுகள் மறைந்தன. அறுபது படங்களுக்கும் அதையே செய்து, பழைய கோப்புகளின் மேலேயே சேமித்துவிட்டுப் படுத்தேன்.

இதழ் வெளிவந்த பிறகு அந்த மாணவியின் தாயார் வளாகத்திற்கு வந்திருந்தார். "படம்லாம் நல்லா இருக்கு தம்பி. ஆனா சேலை கலரு இது இல்லையேப்பா? சாம்பலாட்டம் இருக்கு" என்றார்.

"மேடை வெளிச்சம் அப்படி, ஆண்ட்டி" என்றேன். அது பொய்.

இவ்வாண்டு இதழுக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பிகள் இருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் பழைய கதை நினைவுக்கு வந்தது. ஒருவர் புதிதாக லென்ஸ் வாங்கப் போகிறார். "அண்ணே, இதுல அபோன்னு போட்டிருக்கு. அப்படின்னா கலர் பிரச்சினையே வராதுதானே?" என்று கேட்டார். அடுத்தவர் சிரித்துக்கொண்டே, "அதுக்கு ஏன்டா அவ்ளோ காசு? இப்ப எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே சரி பண்ணிக்கலாம்" என்றார்.

பெயர் இருந்தால் போதும் என்பது ஒரு கட்சி. மென்பொருள் இருந்தால் போதும் என்பது மறு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை அறியாததால்தான் நான் ஒரு சேலையின் நிறத்தைத் தொலைத்தேன். அந்த மீதிப் பாதியைப் பற்றியே இந்தக் கட்டுரை.

ஊதாக் கோடு வருவது ஏன்?

படிவம் நான்கு இயற்பியலில் முப்பட்டகத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெள்ளொளி உள்ளே போகிறது. ஏழு நிறம் வெளியே வருகிறது. கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே அளவில் வளைப்பதில்லை. நீலத்தைச் சற்று அதிகமாகவும் சிவப்பைச் சற்றுக் குறைவாகவும் வளைக்கிறது. ஒரு லென்ஸுக்குள் அடுக்கியிருக்கும் வில்லைகள் ஒவ்வொன்றும், ஓரங்களில் பார்த்தால், ஒரு முப்பட்டகம்தான். ஆகவே தனி வில்லை ஒன்றால் எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிக்க முடியாது. இக்குறையை நிறப்பிறழ்ச்சி என்கிறோம்.

எண்களைக் கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். பரவலாகப் பயன்படும் கிரவுன் வகைக் கண்ணாடி ஒன்றின் ஒளிவிலகல் எண், 486 நானோமீட்டர் நீல ஒளிக்கு 1.522, 656 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கு 1.514. வேறுபாடு வெறும் 0.008. இது ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் இக்கண்ணாடியில் 200 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள ஒரு வில்லையைச் செய்தால், நீலம் குவியும் இடத்திற்கும் சிவப்பு குவியும் இடத்திற்கும் நடுவே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இடைவெளி வந்துவிடும். படக்கருவியின் சென்சாரில் உள்ள ஒரு படப்புள்ளியின் அகலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கைந்து பங்குதான். அதன் பக்கத்தில் 3 மில்லிமீட்டர் எவ்வளவு பெரிய பிழை என்பதை நீங்களே ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

இந்தப் பிழையில் இரு வகை உண்டு. நிறங்கள் முன்னும் பின்னுமாக வெவ்வேறு தூரத்தில் குவிவது அச்சு நிறப்பிறழ்ச்சி. எல்லா நிறமும் ஒரே தூரத்தில் குவிந்தும், ஒரு நிறத்தின் படம் இன்னொன்றைவிடச் சற்றுப் பெரியதாக விழுவது பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சி. முன்னது படத்தின் நடுவிலும் தெரியும். பின்னது ஓரங்களில் மட்டும் தெரியும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளைப் பற்றிப் பேசும்போது எல்லாம் இதில்தான் வந்து நிற்கும்.

நியூட்டன் கைவிட்டதும் ஒரு வழக்கறிஞர் முடித்ததும்

17ஆம் நூற்றாண்டில் வானியலார் இக்குறையோடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. ஒளிபுகும் திறப்பு சிறியதாகவும் குவியத் தூரம் மிக நீளமாகவும் இருந்தால் நிறக்கலங்கல் கண்ணை உறுத்தாது என்பதால், தொலைநோக்கிகளை நீட்டிக்கொண்டே போனார்கள். இன்று போலந்து நாட்டில் குடான்ஸ்க் எனப்படும் நகரில் எவேலியஸ் என்பவர் 150 அடி நீளத் தொலைநோக்கி ஒன்றைக் கம்பத்தில் கட்டித் தூக்கி வானத்தைப் பார்த்தார்.

நியூட்டன் இதை ஆராய்ந்தார். ஒளியை எவ்வளவு வளைக்கிறதோ அதே விகிதத்தில்தான் எந்தக் கண்ணாடியும் நிறத்தைப் பிரிக்கும் என்ற முடிவுக்கு வந்தார். அது உண்மையானால், நிறப்பிரிவை நீக்க முயலும்போது வளைவும் சேர்ந்தே நீங்கிவிடும். பிறகு வில்லை எதற்கு? எனவே வில்லைகளைக் கைவிட்டு, 1668இல் ஆடியைக் கொண்டு எதிரொளிப்புத் தொலைநோக்கியைச் செய்தார். அந்தக் கருவி அருமையானது. அவரைக் கண்ணாடியிலிருந்து விலக்கிய அந்த முடிவு மட்டும் தவறு.

தவறு என்று காட்டியவர் செஸ்டர் மூர் ஹால் என்ற ஆங்கிலேயர். தொழிலால் வழக்கறிஞர், ஒளியியல் அவருக்குப் பொழுதுபோக்கு. 1730ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் கிரவுன் கண்ணாடியில் ஒரு குவிவில்லையையும், நிறத்தை அதிகமாகப் பிரிக்கும் பிளிண்ட் கண்ணாடியில் ஒரு குழிவில்லையையும் சேர்த்து வைத்தார். நிறம் அடங்கியது, குவிக்கும் ஆற்றல் மிஞ்சியது. 1758இல் ஜான் டாலண்ட் இதற்குக் காப்புரிமை பெற்று வணிகமாக்கினார்.

இதன் கணக்கை நம் 200 மில்லிமீட்டர் வில்லைக்கே போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி நிறத்தைப் பிரிக்காமல் இருக்கும் தன்மையைக் குறிக்க அபே எண் என்று ஓர் அளவு உண்டு. எண் கூடக் கூட நிறப்பிரிவு குறைவு. மேற்சொன்ன கிரவுன் கண்ணாடிக்கு அது 64. பிளிண்ட் வகை ஒன்றுக்கு 36. இவ்விரண்டையும் கொண்டு நிறத்தை அடக்க வேண்டுமானால், குவிவில்லையின் குவியத் தூரம் 87 மில்லிமீட்டராகவும் குழிவில்லையினுடையது 153 மில்லிமீட்டராகவும் இருக்க வேண்டும். அதாவது, வேண்டியதைப் போல இரண்டேகால் மடங்குக்கும் மேலாக வளைத்துவிட்டு, மிகுந்ததைத் திருப்பி எடுக்கிறோம். 3 மில்லிமீட்டர் பிழை இதனால் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. இத்தகைய இரட்டை வில்லையை அக்ரோமாட் என்பார்கள்.

அந்த 0.1 மில்லிமீட்டர் ஏன் மிஞ்சுகிறது? இதுதான் நுட்பமான இடம். இரண்டு அளவுகோல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நீளம். ஆனால் ஒன்றில் கோடுகள் ஒரு பக்கமாக நெருங்கியும் மறுபக்கம் விலகியும் இருக்கின்றன. இரு முனைகளையும் பொருத்தி வைத்தாலும் நடுவில் உள்ள கோடுகள் ஒன்றோடொன்று சேரா. கிரவுனும் பிளிண்ட்டும் அப்படித்தான். சிவப்பையும் நீலத்தையும் ஒரே புள்ளியில் சேர்த்துவிடலாம். பச்சை மட்டும் சற்று முன்னால் குவிந்து நிற்கும். பச்சையைக் கூர்மையாக்கிப் படமெடுத்தால், சிவப்பும் நீலமும் கூட்டாக மங்கி ஓரத்தில் படரும். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் என்ன நிறம்? அந்த ஒட்டியாணத்தின் ஓரத்தில் நான் கண்ட ஊதாக் கோட்டின் பிறப்பிடம் இதுதான்.

0.1 மில்லிமீட்டரால் என்ன வந்துவிடும் என்கிறீர்களா? எஃப் 2.8 திறப்பில் அது 0.036 மில்லிமீட்டர் அகலமுள்ள கலங்கல் வட்டமாகிறது. 0.004 மில்லிமீட்டர் படப்புள்ளி கொண்ட சென்சாரில் அது ஒன்பது புள்ளிகளைத் தின்றுவிடும்.

அபே வைத்த வரையறை

இந்த மிச்சத்தையும் ஒழிக்க முனைந்தவர் ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸுடன் பணியாற்றிய எர்ன்ஸ்ட் அபே. சிக்கல் வில்லையின் வளைவில் இல்லை, கண்ணாடியின் குணத்தில் இருக்கிறது என்பதை அவர் கண்டார். ஓட்டோ ஷாட் என்ற வேதியியல் அறிஞர் 1884இல் அபே, சைஸ் ஆகியோரோடு சேர்ந்து யேனாவில் கண்ணாடி ஆய்வுக்கூடம் தொடங்கிப் புதுப்புது வகைக் கண்ணாடிகளை உருக்கினார். அவற்றோடு புளூரைட் என்னும் இயற்கைப் படிகத்தையும் அபே பயன்படுத்தினார். புளூரைட்டின் அபே எண் 95. அதைவிட முக்கியம், நான் மேலே சொன்ன அளவுகோலின் கோடுகள் அதில் வேறு விதமாக அமைந்திருக்கின்றன. தகுந்த கண்ணாடியோடு இணைத்தால் முனைகள் மட்டுமின்றி நடுவும் பொருந்துகிறது. 1886இல் இவ்வழியில் செய்த நுண்ணோக்கி வில்லைகள் வெளிவந்தன. அபே அவற்றுக்கு வைத்த பெயர் அபோகுரோமாட். கிரேக்க மொழியில் நிறத்திலிருந்து விலகியது என்று பொருள்.

பெயரோடு அவர் ஒரு வரையறையையும் வைத்தார். மூன்று நிறங்கள் ஒரே இடத்தில் குவிய வேண்டும். அத்துடன், வில்லையின் நடுவே வரும் கதிரும் ஓரத்தில் வரும் கதிரும் ஓரிடத்தில் சேராத கோளப்பிறழ்ச்சி என்னும் குறை இரண்டு நிறங்களுக்காவது திருத்தப்பட்டிருக்க வேண்டும். சோதித்துப் பார்க்கக்கூடிய வரையறை இது. இருக்கிறதா இல்லையா என்று அளந்து சொல்லிவிடலாம்.

அச்சுத் துறையும் இந்தப் பெயரை அறியும். வண்ணப் படத்தை அச்சிட அதைத் தனித்தனி நிறங்களாகப் பிரித்துப் பிலிம் எடுத்த காலத்தில், அபோ-ரோனார், அபோ-ஆர்ட்டார் போன்ற லென்ஸுகளைத்தான் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு நிறப் பிலிமிலும் படம் ஒரே அளவிலும் ஒரே கூர்மையிலும் விழாவிட்டால், அச்சில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. பிழை உடனே தாளில் தெரிந்துவிடும் தொழில் அது. பெயருக்கு அங்கே மதிப்பு இருந்ததற்குக் காரணம் அதுதான்.

படக்கருவிக்குத் தேவையான அளவில் பெரிய புளூரைட் துண்டு இயற்கையில் எளிதாகக் கிடைப்பதில்லை. அதைச் செயற்கையாக வளர்க்கும் நுட்பம் கைவந்த பிறகு, 1969இல் கெனான் நிறுவனம் புளூரைட் வில்லை கொண்ட 300 மில்லிமீட்டர் லென்ஸைப் பொதுமக்களுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் நிறப்பிரிவு குறைந்த சிறப்புக் கண்ணாடிகள் பல வந்தன. இன்று நடுத்தர விலை லென்ஸுகளிலும் ஒன்றிரண்டு வில்லைகள் அத்தகையவை.

பெயர் இருந்தால் போதுமா?

என் முதல் கருத்து இதுதான்: லென்ஸின் மேல் 'அபோ' என்று எழுதியிருப்பதற்காக மட்டும் ஒரு சென்னும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

நுண்ணோக்கி வில்லைகளுக்கு இப்பெயரை எப்போது சூட்டலாம் என்று அனைத்துலகத் தர வரையறை இருக்கிறது. புகைப்பட லென்ஸுகளுக்கு எல்லா நிறுவனங்களும் கட்டுப்படும்படியான வரையறை ஏதும் இல்லை. சில நிறுவனங்கள் அபேயின் வரையறையை ஒட்டி உண்மையாகவே உழைக்கின்றன. வேறு சில, சிறப்புக் கண்ணாடி ஒரு துண்டு சேர்த்துவிட்டாலே பெயரைப் பொறித்து விடுகின்றன. சட்டப்படி யாரும் கேட்க முடியாது. மறுபக்கம், 'அபோ' என்ற பெயரே இல்லாமல் நிறத்தை நன்றாக அடக்கும் லென்ஸுகளும் இருக்கின்றன.

உண்மையான திருத்தம் மலிவாக வருவதில்லை. சைஸ் நிறுவனம் 2013இல் ஓட்டஸ் என்ற 55 மில்லிமீட்டர், எஃப் 1.4 லென்ஸை 'அபோ' என்ற பெயரோடு வெளியிட்டது. அதில் 12 வில்லைகள். எடை ஏறத்தாழ ஒரு கிலோ. விலை 4,000 அமெரிக்க டாலரை ஒட்டி இருந்தது. நாம் வாங்கும் சாதாரண 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸுகள் பலவற்றில் 6 வில்லைகள்தாம். நிறத்தைத் திருத்த எவ்வளவு கண்ணாடியும் கணக்கும் வேண்டும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். மலிவான பழைய லென்ஸ் ஒன்றில் அதே பெயரைக் கண்டதும், எனக்கு ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். இயற்பியல் மாணவனாக இருந்தும் எழவில்லை. வகுப்பில் படித்தது வேறு, கடையில் வாங்குவது வேறு என்று இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைத்திருந்தேன்.

கேள்வி கேட்க ஆய்வுக்கூடம் வேண்டாம். தமிழ் நாளிதழ் ஒன்றை மேசைமேல் விரித்து வையுங்கள். 45 பாகைச் சாய்வில் நின்று, லென்ஸின் திறப்பை முழுவதும் திறந்து, பக்கத்தின் நடுவரியில் குவியத்தைச் சரிசெய்து படமெடுங்கள். பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். நடுவரிக்கு முன்னால் உள்ள எழுத்துகளின் ஓரம் ஊதாவாகவும், பின்னால் உள்ள எழுத்துகளின் ஓரம் பச்சையாகவும் இருந்தால், அங்கே அச்சு நிறப்பிறழ்ச்சி மிஞ்சியிருக்கிறது. முன்னும் பின்னும் எழுத்து மங்கினாலும் கறுப்பு கறுப்பாகவே மங்கினால், லென்ஸ் தன் பெயருக்குத் தகுதியானது. பத்து நிமிட வேலை. இதைக் கடையிலேயே செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

மென்பொருள் இருந்தால் போதுமா?

இரண்டாவது தம்பியின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இன்றைய படக்கருவிகள் பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சியைத் தாமாகவே திருத்திக்கொள்கின்றன. நமக்குத் தெரிவதுகூட இல்லை. அதற்கு இடமும் உண்டு. பக்கவாட்டுப் பிழையில் சிவப்புப் படமும் நீலப் படமும் ஏறக்குறையக் கூர்மையாகத்தான் இருக்கின்றன. அளவில்தான் சற்றுப் பெரிதும் சிறிதுமாக இருக்கின்றன. ஒன்றைக் கொஞ்சம் சுருக்கி, இன்னொன்றைக் கொஞ்சம் விரித்தால் பொருந்திவிடும். தகவல் எதுவும் தொலைந்து போகவில்லை. இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். இதற்காக லென்ஸில் கூடுதல் பணம் செலவிடத் தேவையில்லை என்று தம்பி சொன்னால், நானும் கைதூக்குவேன்.

அச்சு நிறப்பிறழ்ச்சியின் கதை வேறு. அங்கே சிவப்பும் நீலமும் சென்சாரில் விழும்போதே மங்கிவிட்டன. எந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு ஒளி பக்கத்துப் புள்ளிக்கு வழிந்தது என்ற கணக்கு படத்தில் பதிவாகவில்லை. அது பொருள் இருக்கும் தூரத்தைப் பொறுத்தும் மாறும். ஒரே படத்தில் மூக்கின் நுனிக்கு ஒரு கணக்கு, காதணிக்கு ஒரு கணக்கு. கூர்மையாக விழுந்த பச்சையைத் துணைக்கு வைத்து மற்ற இரண்டையும் கூர்மையாக்கும் முறைகள் உண்டு. அவை நன்றாகவே ஊகிக்கின்றன. ஆனாலும் ஊகம் ஊகம்தான். பெரும்பாலான மென்பொருள்கள் செய்வது அதுகூட அன்று. ஓரத்தில் ஊதா தெரிகிறதா, அதன் நிறத்தை வெளுத்துவிடு என்பதுதான்.

வெளுக்கும் கருவிக்கு எது லென்ஸ் செய்த ஊதா, எது நெசவாளர் செய்த ஊதா என்று எப்படித் தெரியும்? இன்றைய மென்பொருள்கள் ஒளி சட்டென்று மாறும் விளிம்புகளை மட்டும் தேடிப் பிடிக்கின்றன. 2009இல் நான் செய்ததைப் போலப் படம் முழுவதையும் வெளுப்பதில்லை. என்றாலும், கத்தரிப்பூப் பட்டில் வெள்ளிச் சரிகை ஓடும் இடமெல்லாம் அத்தகைய விளிம்புதானே? அங்கே கருவி தடுமாறும். அதை இழுப்பவரும் கண் வைத்துப் பார்க்காவிட்டால் உண்மை நிறமும் சேர்ந்தே போகும்.

ஆகவே என் இரண்டாவது கருத்து: எந்தப் பிழையைப் பிறகு திருத்தலாம், எந்தப் பிழையை முதலிலேயே தடுக்க வேண்டும் என்று பிரித்தறியும் அறிவுதான் முக்கியம். எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளும் என்பது, அந்த அறிவைத் தேடாமலிருக்க நாம் சொல்லிக்கொள்ளும் சாக்கு.

அப்படியானால் நாம் என்ன செய்வது?

எல்லோரும் விலையுயர்ந்த அபோகுரோமாட் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாணவர்களுக்குக் கல்விக் கடனே தலைக்குமேல் இருக்கிறது. வானத்தைப் படமெடுப்பவர்களுக்கும், நுண்ணோக்கியில் வேலை செய்பவர்களுக்கும், ஓவியங்களையும் பழைய சுவடிகளையும் பதிவு செய்பவர்களுக்கும் அது தேவை. பேரவை நிகழ்ச்சிகளுக்கு அது கட்டாயமில்லை. பதிலாக, எவேலியஸ் காலத்து உபாயம் இன்றும் நம் கையில் இருக்கிறது. திறப்பைக் குறைத்தால் கலங்கலும் குறையும். எஃப் 2.8இல் 0.036 மில்லிமீட்டராக இருந்த வட்டம் எஃப் 5.6இல் பாதியாகிவிடும், பரப்பளவில் கால் பங்கு. இருட்டான மண்டபத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டும்தான்; ஒளியுணர்திறனைக் கூட்டினால் படத்தில் சிறு புள்ளிகள் தெரியும். எனினும், புள்ளி விழுந்த கத்தரிப்பூ நிறம் கத்தரிப்பூ நிறமாகவே இருக்கும். சாம்பலைவிட அது மேல்.

பேரவையின் புகைப்படப் பொறுப்பை இனி ஏற்கப்போகும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்டுக்கொள்வது மூன்று. படங்களைத் திருத்தாத மூலக் கோப்பாகவும் எடுத்து வையுங்கள். அதன்மேல் எதையும் சேமிக்காதீர்கள். நிறத்தை வெளுக்க நேர்ந்தால், கோடு விழுந்த இடத்தில் மட்டும் தூரிகையால் தடவுங்கள். படம் முழுவதற்கும் ஒரே இழுப்பு வேண்டாம். அச்சுக்கு அனுப்புமுன், படத்தில் இருப்பவரிடம் ஒருமுறை காட்டி, "உங்க சேலை நிறம் இதுதானா?" என்று கேட்டுவிடுங்கள். மூன்றாவதற்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். அதை நான் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திராது.

நம் இதழ்களைப் பின்னொரு நாளில் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். நாம் எப்படி உடுத்தினோம், எப்படி ஆடினோம், எந்த நிறத்தை விரும்பினோம் என்பதற்கு அவர்கள் கையில் இருக்கப்போகும் சான்று இந்தப் பக்கங்கள்தாம். 2009ஆம் ஆண்டு இதழைத் திறப்பவர், ஒரு பெண் சாம்பல் நிறப் பட்டில் ஆடினாள் என்றே எண்ணுவார். அதைத் திருத்த மூலக் கோப்பு என்னிடம் இல்லை. எழுத்தில் மட்டும்தான் திருத்த முடியும்.

எனவே, ஆண்ட்டி, நீங்கள் இவ்விதழைப் பார்க்க நேர்ந்தால்: அன்று மேடை வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. உங்கள் சேலை நல்ல கத்தரிப்பூ நிறம். தவறு என்னுடையது.